நோயின் நிறையும் காப்புறுதிக் கொடுப்பனவும்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்னும் அந்நான்கினுள்ளே செலவை ஏற்பவனுக்கு இடமில்லை. அக்காலத்தில் அவனைத் தனியே எண்ணவேண்டிய தேவை எழவில்லை போலும். இற்றைநாளில் அவன் ஐந்தாமவனாக வந்து சேர்ந்துள்ளான். சில நாடுகளில் அரசாங்கமே அவன். சிலவற்றிற் காப்புறுதிக் கம்பனி. வேறு சிலவற்றில் அரசாங்கம் பணத்தைக் கம்பனியிடம் ஒப்புவிக்க, கம்பனி அதனை வைத்தியருக்கும் வைத்தியசாலைக்கும் வழங்குகின்றது. இம்மூன்றாம் முறையில் எழும் வினா ஒன்றே இக்கட்டுரைக்குப் பொருளாகும். ஒரு முதியவரின் ஓராண்டு வைத்தியப் பொறுப்பு முழுவதையும் ஒரு கம்பனி ஏற்கின்றதெனின், அதற்காக அரசாங்கம் அக்கம்பனிக்கு எவ்வளவு கொடுத்தல் தகும்?

எமது தீவில் இவ்வினாவுக்கு இடம் அரிது. அரசாங்க வைத்தியசாலையின் செலவு பொதுவரிப் பணத்திலிருந்து நேரே செல்கின்றது. இன்னாரைப் பார்த்தமைக்கு இவ்வளவு என்று தலைக்குத் தலை கணக்கிடவேண்டியதில்லை. ஆகவே ஐக்கிய அமெரிக்காவைப் பெரிதும் துணைக்கொண்டும், வேண்டுமிடத்து ஜேர்மனியையும் ஒல்லாந்தையும் நோக்கியும் இதனை விளக்க முயல்வாம். இத்துறையைப் பயில்வோர் இதற்கு இட்டுள்ள பெயரை 'இடர்ச் சீராக்கம்' எனத் தமிழிற் கூறலாம். ஒருவர்பொருட்டு நேரக்கூடிய செலவே அவரது இடர். அவ்விடருக்கேற்பக் கொடுப்பனவைக் கூட்டியும் குறைத்தும் அமைத்தல் சீராக்கம்.

காப்புறுதியின் இயல்பை முதலில் தெளிதல் வேண்டும். 1929ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்து டல்லஸ் நகரிலே, பேய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியசாலை அந்நகரப் பாடசாலை ஆசிரியரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் 50 சதம் செலுத்துவர். நோயுற்றால் ஆண்டில் 21 நாள் வரை வைத்தியசாலையிலே தங்கிச் சிகிச்சை பெறுவர். இதனை அமைத்த ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பல் என்பவர் முன்னர் அந்நகரப் பாடசாலைகளின் அத்தியட்சராக இருந்தவர். பிற்காலத்தில் அமெரிக்கா எங்கும் பரவிய 'புளூ குரொஸ்' என்னும் வைத்தியக் காப்புறுதி அமைப்புக்கு வித்து இதுவேயாகும். ஆசிரியர் கூட்டமொன்றின் சிறுபணத்திலிருந்து இத்துணைப் பெரிய மரம் கிளைத்தது என்பதை எம்போன்ற ஆசிரியர் நினைந்து சற்றே மகிழ்தலில் தவறில்லை.

அத்திட்டத்தின் உயிர் எல்லோர்க்கும் ஒரே கட்டணம் என்பதிலே தங்கியிருந்தது. இருபத்தைந்து வயது ஆசிரியரும் ஐம்பத்தைந்து வயது ஆசிரியரும் ஒரே தொகையைச் செலுத்தினர். நல்லுடம்பினரின் பணம் நோயுற்றோரின் படுக்கைக்குச் சென்றது. ஆனால் இவ்வொப்பந்தம் நிலைபெறுதற்கு ஒரு நிபந்தனையுண்டு: நல்லுடம்பினர் கூட்டத்தை விட்டு அகலாதிருத்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலாபநோக்குடைய கம்பனிகள் பல இத்தொழிலிற் புகுந்தன. அவை ஒவ்வொரு தொழிற்சாலையின் ஊழியர்க்கும் முந்திய ஆண்டுகளில் நேர்ந்த செலவைக் கணக்கிட்டு, இளைஞர் நிறைந்த தொழிற்சாலைக்குக் குறைந்த கட்டணம் கூறி அழைத்தன. இளைஞர் சென்றனர். எஞ்சியோருள் முதியோரின் பங்கு கூடியது, கட்டணமும் கூடியது, கூடவே மேலும் சிலர் சென்றனர். கட்டணத்தைத் தாங்கவியலாத முதியோர் ஈற்றிற் காப்புறுதிக்கு வெளியே நின்றனர். 1965ஆம் ஆண்டுக்கு முன்னர் அமெரிக்க முதியோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வைத்தியசாலைக் காப்புறுதி எதுவும் இருக்கவில்லை.

1965ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் ஜனாதிபதி லின்டன் ஜோன்சன், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனின் ஊராகிய மிசூரி மாநிலத்து இன்டிபென்டன்ஸ் நகருக்குச் சென்று, அவர் முன்னிலையிற் கையொப்பமிட்ட சட்டத்தால் 'மெடிக்கெயர்' பிறந்தது. அறுபத்தைந்து வயது நிரம்பியோரின் வைத்தியச் செலவை மத்திய அரசாங்கம் ஏற்றது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் நெடுங்காலம் வலுவிழந்தோரும், சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தோரும் அதனுட் சேர்க்கப்பட்டனர். தொடக்கத்தில் அரசாங்கம் வைத்தியருக்கும் வைத்தியசாலைக்கும் நேரே பணம் செலுத்தியது. செய்த சிகிச்சைக்குக் கூலி என்பது முறை. சிகிச்சை மிகுந்தாற் கூலியும் மிகும் ஆதலின் செலவு ஏறிக்கொண்டே சென்றது.

இதற்கு மாற்றாக 1982ஆம் ஆண்டுச் சட்டமொன்று புதுவழி வகுத்தது. 1985 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தனியார் திட்டமொன்று ஒரு முதியவரின் முழுப் பொறுப்பையும் ஏற்கலாம். அரசாங்கம் மாதந்தோறும் அவர் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுக்கும். அவரது செலவு அதனிற் குறைந்தால் எஞ்சியது திட்டத்துக்கு. மிகுந்தால் நட்டமும் அதற்கே. அத்தொகை, அவரை ஒத்த ஒருவர்க்கு அரசாங்கம் தானே நேரிற் செலவிடக்கூடியதன் 95 வீதம் என வரையறுக்கப்பட்டது. ஆளொருவர்க்கு ஐந்து வீதம் மிச்சம் என்று அரசாங்கத்தார் கணக்கிட்டனர்.

'அவரை ஒத்த ஒருவர்' என்னும் மூன்று சொற்களுள்ளேதான் இடர்ப்பாடு முழுவதும் மறைந்திருந்தது. யார் யாரை ஒத்தவர்? அக்காலக் கணக்கு ஒருவரின் வயது, பால், வசிக்கும் மாவட்டம், பராமரிப்பு இல்லத்திலுள்ளாரா, வறியோர்க்கான உதவி பெறுபவரா என்பன போன்ற சிலவற்றையே பார்த்தது. ஒரே மாவட்டத்தில் ஒரே தெருவில் எழுபத்திரண்டு வயதுடைய பெண்மணிகள் இருவர் வாழ்கின்றனர் என்று கொள்வோம். ஒருவர் நாள்தோறும் மூன்று மைல் நடப்பவர். மற்றவர் நீரிழிவும் இருதயத் தளர்ச்சியும் உடையவராய் ஆண்டில் மும்முறை வைத்தியசாலை செல்பவர். அரசாங்கக் கணக்கின்படி இவ்விருவரும் ஒத்தவர். இருவர்க்கும் ஒரே தொகை.

ஒருவர்க்கும் மற்றவர்க்கும் இடையே வைத்தியச் செலவிற் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ ஒரு வீதத்தையே அப்பழைய கணக்கு விளக்கவல்லதாயிருந்தது. நூறில் ஒன்று! மெடிக்கெயரிற் சேர்ந்தோருள் மிகுந்த செலவுடைய 5 வீதத்தினரிடமே மொத்தச் செலவின் ஏறத்தாழ 40 வீதம் சென்று சேர்கின்றது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குக. அவ்வைந்து வீதத்தினரைத் தன்னிடம் வாராமற் செய்துகொள்ளும் திட்டத்துக்கு, வைத்தியத்திற் சிக்கனம் எதுவும் தேவையில்லை. யாரை வரவேற்பது என்பதில் மாத்திரம் கருத்தாயிருந்தாற் போதும்.

விண்ணப்பித்தவரை மறுத்தற்குச் சட்டம் இடந்தரவில்லையே என்று கேட்கலாம். மறுக்கவேண்டியதில்லை, வாராதவாறு செய்தற்கு நயமான வழிகள் உண்டு. புகழ்பெற்ற புற்றுநோய் வைத்தியரைத் தனது பட்டியலிற் சேர்க்காது விடலாம். உடற்பயிற்சி நிலையத்திற் சேரும் கட்டணத்தை இலவசமாக்கலாம். பின்னையது வேடிக்கைப் பேச்சன்று. அவ்வாறு உடற்பயிற்சி நிலையச் சலுகையைப் புதிதாகச் சேர்த்துக்கொண்ட திட்டங்களுக்கு முன்னையிலும் நல்லுடம்பு வாய்ந்த முதியோர் வந்து சேர்ந்தனர் என்று 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. வீல்நாற்காலியில் இருக்கும் முதியவருக்கு அச்சலுகை எதற்கு?

தென் புளோரிடாவைப் பற்றி 1997இல் வெளிவந்த ஆய்வொன்று இதனினும் தெளிவானது. அங்கே தனியார் திட்டங்களிற் சேர்ந்தோர், சேர்வதற்கு முந்திய ஆண்டில், அரசாங்கத்தின் நேர்முறையில் இருந்தோரோடு ஒப்பிட 66 வீத அளவே வைத்தியசாலையைப் பயன்படுத்தியிருந்தனர். திட்டங்களை விட்டு விலகியோரோ, விலகிய பின்னர் 180 வீத அளவு பயன்படுத்தினர். நல்லுடம்பினர் உள்ளே செல்ல, நோயுற்றோர் வெளியே வந்தனர். ஐந்து வீதம் மிச்சம் என்று அரசாங்கம் தொடங்கிய கணக்கு என்னவாயிற்று? அரசாங்கத்தின்பொருட்டுச் செய்யப்பட்டு 1993இல் வெளியான மதிப்பீடொன்றின்படி, அத்திட்டங்களிற் சேர்ந்தோர் நேர்முறையிலேயே இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவிலும் 5.7 வீதம் கூடுதலாகவே அரசாங்கம் கொடுத்துவந்தது.

இங்கே பணநட்டத்தை மாத்திரம் கருதுதல் போதாது. நோயுற்ற முதியவர் ஒருவர் தம்மைக் காக்கப் பொறுப்பேற்றவர்க்கே வேண்டாதவராகி விடுகின்றார் என்பதே பெருங்கேடு. நீரிழிவைத் திறம்பட நடத்தும் வைத்தியக்குழு ஒன்றை அமைத்து அதனால் நற்பெயர் பெறும் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். நற்பெயர் பரவப் பரவ நீரிழிவாளர் அதனை நாடி வருவர். ஒவ்வொருவராலும் நட்டம் வரும். ஈற்றில் திட்டம் முறியும். நன்றாகச் சிகிச்சை செய்தவன் அழிய, சிகிச்சையில் வல்லவன் என்ற பெயர் எடாதவன் வாழ்வான். ஆகவே இடர்ச் சீராக்கம் கணக்காளர் சிலரின் நுணுக்க வேலை என்று ஒதுக்கத்தக்கதன்று.

1997ஆம் ஆண்டுச் சட்டம் நோய்நிலையையும் கணக்கிற் சேர்க்குமாறு கட்டளையிட்டது. முதன்முயற்சி 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவரின் தலையாய நோயை மட்டும் அது எடுத்துக்கொண்டது. விளக்கவல்ல அளவு ஏறத்தாழ 6 வீதமாக உயர்ந்தது. ஆயின் வைத்தியசாலையிற் படுக்கவைத்தாலன்றி நோய்க்குப் பணமில்லை என்பது, வீட்டிலேயே நோயைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்குத் தண்டனையாகவும் படுக்கவைக்கும் திட்டத்துக்குப் பரிசாகவும் முடியும். அதன் நிறையைக் கொடுப்பனவிற் பத்தில் ஒரு பங்காகவே வைத்திருந்தமையால் தீங்கு பெருகவில்லை.

2004இல் வந்த முறையே இன்றுவரை, பல திருத்தங்களோடு, நிலவுகின்றது. அதன் அமைப்பைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். வெளிநோயாளராக வைத்தியரைக் கண்டபோதும் எழுதப்பட்ட நோய்கள் இதிற் சேரும். ஆயிரக்கணக்கான நோய்க் குறியீடுகளிலிருந்து, செலவை முன்னறியத் துணைபுரிவன மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டு, 70 வகுப்புக்களாக ஆக்கப்பட்டன. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிறை உண்டு. அரசாங்கம் நேரே செலவு செய்யும் இலட்சக்கணக்கான முதியோரின் கணக்கை எடுத்து, ஓராண்டில் இந்நோய் எழுதப்பட்டவர்க்கு அடுத்த ஆண்டில் எவ்வளவு கூடுதற் செலவு நேர்ந்தது என்று புள்ளிவிபர முறையாற் கண்டு அந்நிறைகள் வகுக்கப்பட்டன. ஒருவரின் வயதுக்கும் பாலுக்கும் உரிய எண்ணோடு அவரது நோய்களின் நிறைகளைக் கூட்டினால் அவரது இடர்ப்புள்ளி கிடைக்கும். சராசரி மனிதரின் புள்ளி 1. ஒரு நோயின் கடுமையான நிலையும் இலேசான நிலையும் ஒருங்கே எழுதப்பட்டால் கடுமையானதே எண்ணப்படும். புற்றுநோய் உடலெங்கும் பரவியவர்க்கு முதற்கட்டப் புற்றுநோயின் நிறையைச் சேர்த்துக் கூட்டுவதில்லை.

விளக்கத்தின்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டு. சராசரி மனிதர்க்கு ஆண்டுக்கு 10,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். மேலே கூறிய நடைப்பயிற்சிப் பெண்மணியின் புள்ளி 0.4 ஆயின், அவர்க்காகத் திட்டம் பெறுவது 4,000 டொலர். நீரிழிவும் இருதயத் தளர்ச்சியும் உடைய அயலவரின் புள்ளி 1.6 ஆயின், அவர்க்காக 16,000 டொலர். இரண்டாமவர் இப்போது வேண்டாதவர் அல்லர். திறமையாகச் சிகிச்சை செய்து 14,000 டொலருக்குள் அவரைக் காத்தால், அவரால் இலாபமும் உண்டு.

இம்முறை செலவு வேறுபாட்டில் ஏறத்தாழ 11 வீதத்தை விளக்குகின்றது. எஞ்சிய 89 வீதம் விளக்கப்படவில்லையே எனப் புதிதாய்க் கேட்போர் திகைப்பர். அத்திகைப்புக்கு இடமில்லை. அடுத்த ஆண்டு யார் படிக்கட்டில் வழுக்கி விழுவார் என்பதை எவரும் அறியார்; திட்டமும் அறியாது. எவரும் அறியாத செலவைக்கொண்டு எவரையும் பொறுக்கியெடுக்கவியலாது. அது காப்புறுதியின் பொது ஏற்பாட்டுக்கு உரிய பகுதி. திட்டம் அறிந்திருந்தும் அரசாங்கத்தின் கணக்கு அறியாதுள்ள பகுதியே அஞ்சற்பாலது.

அங்ஙனம் அஞ்சத்தக்க பகுதி இரு வாயில்களால் உள்ளே வந்தது. முதலாவது நுண்ணியது. நீரிழிவாளர் எல்லோருக்கும் ஒரே நிறை எனின், நீரிழிவாளருள்ளேயே இலேசான நோயுடையவர் யார் என்று தேடத் தோன்றும். நோயின் பெயருக்கு விலை உண்டு. அப்பெயருக்குள் அடங்கிய கடுமைக்கு விலை இல்லை. முன்னர் நோயற்றோரைத் தேடிய கண் இப்போது நோயுற்றோருள் நல்லவர்களைத் தேடுகின்றது. 2014இல் அமெரிக்கப் பொருளியலாளர் சிலர் வெளியிட்ட ஆய்வு, 2004ஆம் ஆண்டு முறை வந்தபின் இவ்வாறே நிகழ்ந்ததென்றும், அரசாங்கத்தின் மிகைக்கொடுப்பனவு குறையாது கூடிற்றென்றும் கூறியது. அளவுகோல் செம்மையாக ஆக, அதனைத் தப்பும் வழியும் செம்மையாயிற்று.

இரண்டாம் வாயில் எழுதுகோல். நிறைகள் வகுக்கப்பட்டது அரசாங்கத்தின் நேர்முறைக் கணக்கிலிருந்து என்றோம். அம்முறையில் வைத்தியருக்குச் செய்த சிகிச்சைக்கே கூலி. நோயாளிக்குள்ள நோய்கள் அனைத்தையும் அவர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் வருவாய் ஒன்றே. ஆதலின் அவர் வந்த நோயை எழுதிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவார். தனியார் திட்டத்திலோ எழுதப்பட்ட ஒவ்வொரு நோயும் பணம். ஒரே மனிதர் நேர்முறையில் இருக்கும்போது ஒரு புள்ளியும், திட்டத்திற் சேர்ந்தபின் அதனிற் கூடிய புள்ளியும் பெறுகின்றார்; அவர் உடம்பில் மாற்றமொன்றுமில்லை. ஜெருசோ, லேட்டன் என்னும் பொருளியலாளர் இருவர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு திட்டங்களில் எழும் புள்ளி 6 முதல் 16 வீதம் வரை மிகையானது என்று மதிப்பிட்டது.

இதனுட் பொய் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பிரித்தல் எளிதன்று. நடுநிலையோடு பார்த்தால், முதியவரின் நோய்கள் முழுவதும் ஏட்டிலேறுதல் நல்லதே. விடுபட்ட நோய் கவனிக்கப்படாத நோயாகவும் இருக்கலாம். ஆனால் நோயை எழுதியபின் சிகிச்சை எதுவும் நிகழாதிருப்பின் அவ்வெழுத்து யாருக்காக எழுதப்பட்டது? தாதியர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி முதியவரை வினாவிப் பட்டியல் எழுதுவிக்கும் வழக்கமும், பழைய ஏடுகளைத் துருவி விடுபட்ட நோயைச் சேர்க்கும் வழக்கமும் திட்டங்களிடையே பரவின. அவ்வீட்டுச் சந்திப்பிலும் ஏட்டுத் துருவலிலும் மட்டுமே காணப்பட்டு, அவ்வாண்டின் வேறெந்தச் சிகிச்சைப் பதிவிலும் காணப்படாத நோய்களுக்காக 2023ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 750 கோடி டொலர் சென்றதாக அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களத்தின் தலைமைப் பரிசோதகர் அலுவலகம் 2024இல் அறிவித்தது.

இம்முறையில் ஒவ்வோராண்டும் ஏடு புதிதாகத் தொடங்குகின்றது என்பதும் குறிக்கத்தக்கது. நோய் அவ்வாண்டில் மீண்டும் எழுதப்பட்டாலன்றி அடுத்த ஆண்டுக் கணக்கில் இல்லை. நீரிழிவினால் ஒரு காலை இழந்தவர், கால் இல்லை என்பதை ஆண்டுதோறும் வைத்தியர் ஒருவரைக்கொண்டு எழுதுவித்தல் வேண்டும். எழுதாவிடின், கணக்கைப் பொறுத்தவரை, தை பிறக்கும்போது அவர்க்குக் கால் முளைத்துவிடும்!

ஓர் எண்ணால் இவ்விடர்ப்பாட்டைத் தொட்டுக் காட்டலாம். அண்மைவரை வழங்கிய அட்டவணையில், தம் வீட்டில் வாழும் சாதாரண முதியவர்க்குச் சிக்கலற்ற நீரிழிவின் நிறை 0.105; நெடுநாட் சிக்கல்களோடு கூடிய நீரிழிவின் நிறை 0.302. ஏறத்தாழ மும்மடங்கு. கண்ணிலோ நரம்பிலோ சிறுநீரகத்திலோ ஒரு சிறு மாற்றத்தை 'நீரிழிவாலாயது' என்று ஒரு சொற்றொடர் சேர்த்து எழுதினால் போதும். இதனைக் கண்ட அதிகாரிகள் 2024இல் தொடங்கிய புதிய அட்டவணையில் இரண்டுக்கும் 0.166 என ஒரே நிறை வைத்தனர். அதே அட்டவணை வகுப்புக்களை 86இலிருந்து 115 ஆக்கியது. ஆயினும் எளிதில் மிகைப்படுத்தத்தக்க நோய்கள் பல கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. மூன்றாண்டிற் படிப்படியாகப் புகுத்தப்பட்ட அது 2026இல் முழுமையடைந்தது. இங்கே ஓர் இழப்பையும் உணர்தல் வேண்டும். சிக்கல் மிகுந்த நீரிழிவாளர்க்கு உண்மையிலேயே கூடுதற் செலவு உண்டு. அச்சிக்கல்கள் வேறு வகுப்புக்களில் எண்ணப்பட்டாலன்றி, பொய்யெழுத்தை மூடிய கதவு மெய்ந்நோயாளி மீதும் மூடுகின்றது.

இதனோடு, சட்டப்படி எல்லாத் திட்டங்களின் புள்ளிகளும் 2018 முதல் 5.9 வீதம் ஒருசேரக் குறைக்கப்படுகின்றன. இது நேர்மையாக எழுதியவரையும் மிகைப்பட எழுதியவரையும் ஒரே பிரம்பால் அடிப்பதாகும். வகுப்பில் ஒருவன் செய்த குறும்புக்கு வகுப்பு முழுவதையும் மறித்துவைக்கும் ஆசிரியரை நினைவூட்டுகின்றது. நேர்மையாளனுக்கு இதிற் பாடம் ஒன்றே: அடுத்த ஆண்டு நீயும் மிகைப்பட எழுது. மெடிக்கெயர் பற்றிக் காங்கிரசுக்கு ஆலோசனை கூறும் ஆணைக்குழு 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அவ்வாண்டில் தனியார் திட்டங்களுக்குச் செல்லும் தொகை, அதே முதியோர்க்கு நேர்முறையில் ஆகக்கூடிய செலவிலும் 20 வீதம், அதாவது 8,400 கோடி டொலர் கூடியது. மெடிக்கெயரின் முழு உரிமையுடைய முதியோருட் பாதிக்கு மேற்பட்டோர் இன்று அத்திட்டங்களிலேயே உள்ளனர்.

ஜேர்மனியின் நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. பிஸ்மார்க் காலத்தில், 1883இல், அங்கே தொழிலாளர்க்குக் கட்டாய நோய்க் காப்புறுதி வந்தது. காப்புறுதி நிதியங்கள் பலவாய் இருந்தன. நெடுங்காலம் ஒருவர் எந்நிதியத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பெரும்பாலும் அவரது தொழிலே தீர்மானித்தது. 1996இல் யாரும் விரும்பிய நிதியத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்றாயிற்று. அதற்கு ஆயத்தமாக 1994இலேயே நிதியங்களுக்கிடையே இடர்ச் சீராக்கம் தொடங்கியது. 2009இல் 80 நோய்கள் கணக்கிற் சேர்ந்தன. 2021 முதல் நோய்கள் அனைத்தும் சேர்ந்துள்ளன. ஆங்கும் எழுதுகோலின் சபலம் வாராமலில்லை. 2016இல் பெரிய நிதியம் ஒன்றின் தலைவரே, நோயாளரை ஏட்டில் அதிக நோயுடையோராக எழுதுமாறு நிதியங்கள் வைத்தியரைத் தூண்டுகின்றன என்று பத்திரிகைக்கு வெளிப்படையாகக் கூறினார்.

ஆயினும் ஒரு வேறுபாடு பெரிது. ஜேர்மனியில் எல்லா நிதியங்களுக்கும் பகிரவுள்ள பணம் ஆண்டுத்தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்ட ஒரு பொதுப்பானையில் உள்ளது. ஒரு நிதியம் மிகையாக எழுதிப் பெற்றால் அது மற்றைய நிதியங்களின் பங்கிலிருந்தே வரும்; ஆகவே ஒருவரையொருவர் காவல் செய்வர். அமெரிக்காவில் மிகையெழுத்தின் செலவை அரசாங்கத் திறைசேரியும், மெடிக்கெயருக்குக் கட்டுப்பணம் செலுத்தும் முதியோர் அனைவரும் சுமக்கின்றனர்; திட்டங்களுள் ஒன்று மற்றொன்றைக் காட்டிக்கொடுத்தலால் யாதொரு பயனுமில்லை. மேலும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜேர்மனியர் ஒரு தடை வைத்தனர்: எந்நோய்வகுப்புக்கள் காரணமின்றி ஏட்டில் மிக விரைவாகப் பெருகுகின்றனவோ அவை அவ்வாண்டுக் கணக்கினின்றும் நீக்கப்படும். ஒல்லாந்தர் வேறு வழி சென்றனர். வைத்தியர் எழுதிய நோய்ப்பெயரோடு நில்லாது, நோயாளி ஆண்டில் 180 நாளுக்கு மேற்பட்ட அளவு மருந்தை உண்மையாகப் பெற்றாரா என்று பார்த்தனர். மருந்தை வாங்குவித்தல் பெயரை எழுதுதலிலும் கடினம். ஆகவே பொய் குறையும். மருந்தே வேண்டாத நோய்களுக்கு அம்முறை உதவாது.

இக்கணக்குகள் எல்லாவற்றுக்கும் அடியிலே இன்னொரு குறை உண்டு. அதனை யான் இவற்றுள் மிகப் பெரியதாகக் கருதுகின்றேன். நிறைகள் அனைத்தும் கடந்தகாலச் செலவிலிருந்து பெறப்பட்டவை. செலவும் தேவையும் ஒன்றல்ல. வைத்தியரை அணுகவியலாத வறியவர்க்கு நோய் மிகுதி, செலவோ குறைவு. 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று, கூடுதற் கவனிப்புக்குரிய நோயாளரைத் தெரிந்தெடுக்க அமெரிக்காவில் வழங்கிய கணிப்புமுறையொன்றைப் பரிசோதித்தது. அது கொடுப்பனவுக் கணக்கன்று. ஆனால் அதுவும் செலவையே நோயின் அளவாகக் கொண்டிருந்தது. அதன் விளைவாக, ஒரே புள்ளி பெற்ற கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒப்பிடப்பட்டபோது, கறுப்பினத்தவர் கூடுதலான நோயுடையோராய் இருந்தனர். அவர்க்கு முன்னர் குறைவாகச் செலவிடப்பட்டமையால் அவர் குறைந்த நோயினராகக் கணிக்கப்பட்டார்.

கொடுப்பனவுக் கணக்கிலும் இத்தகையோர் உளர். ஓராண்டு முழுவதும் வைத்தியர் எவரையும் காணாத முதியவர் ஒருவரை எண்ணுக. பட்டணத்துக்குச் செல்ல வாகனமில்லை; அழைத்துச் செல்லப் பிள்ளைகள் அருகில் இல்லை. அவரது இரத்தத்திலே சர்க்கரை ஏறியிருக்கின்றது, கால் வீங்கியிருக்கின்றது. ஆனால் ஏட்டில் ஒரு நோயும் இல்லை. அடுத்த ஆண்டில் அவர்க்குரிய புள்ளி வயதுக்கும் பாலுக்கும் உரியது மாத்திரமே. மூன்று மைல் நடக்கும் பெண்மணியோடு அவர் ஒரே நிரலில் நிற்பார்.